ஆடியில் போடாத கையெழுத்து

இசக்கிசெல்வியும் நானும் ஒரே காம்பவுண்டில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறோம். அதில் ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டைக்கு மட்டும் வாய் திறப்போம். காரணம் குழாய். ஆறு வீட்டுக்கு ஒரு குழாய், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். தான் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவள் என்பதால் முதல் குடம் தன்னுடையதுதான் என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் யாரையும் கேட்கவும் இல்லை.

அவள் பிறந்த ஊர் குருவிகுளத்துக்குப் பக்கம். மழையை நம்பிப் பருத்தி போடுகிற குடும்பம், எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கண்ணன் என்ற மினி பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தாள். கண்ணன் வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து இவள்தான் பேசுகிறாள். அவளுக்கு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலை. தறிச் சத்தத்திலேயே கிடந்து கிடந்து, வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். ரேஷன் கடையில் எடை மெஷினுக்கு நேரே குனிந்து நின்று நம்பரைப் படிக்கிற ஒரே பெண் அவள்தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையன் அவள் வீட்டுக்கு மட்டும் மூடியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போவான்.

அவளுக்கு ஒரே மகன். பெயர் மகாராஜா. பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம், காலைத் தவிர வேறெங்கும் சதை இல்லாத பையன். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஃபுட்பால் ஆடுகிறான், முன்னால் நின்று கோல் போடுகிறவன். என் மகன் கோமதிநாயகம் அதே டீமில் கோல் கீப்பர். கோமு என்று கூப்பிடுவோம். இரண்டு பேருக்கும் வயது பதிமூன்று. பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிற பிரின்ஸ் என்ற தம்பி விடிகாலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஊர்ப் பையன்களைச் சேர்த்துப் பழக்குகிறான். பந்தைப் பற்றி எல்லாம் தெரியும். பெண்களிடம் பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பான்.

போன ஆடி மாதம் அந்தப் பிரின்ஸ் எங்களை எல்லாம் மைதானத்துக்குக் கூப்பிட்டான். பதினாலு வயதுக்குட்பட்ட பிரிவில் எங்கள் பையன்கள் ஆட அதுதான் கடைசி வருஷம். டீம் எந்த லீக்கில் ஆட வேண்டும் என்று பெற்றவர்கள் முடிவு சொல்ல வேண்டுமாம். இரண்டு லீக் இருந்தது.

முதல் லீக்கின் ஆள் நேரிலேயே வந்திருந்தார். ஆனந்த்சங்கர் என்று பெயர், கூலிங் கிளாசை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ஐந்து ஞாயிற்றுக்கிழமை மேட்ச், எல்லாம் திருநெல்வேலியில் ஒரே மைதானத்தில். பையன் பெயர் போட்ட ஜெர்சி. மேலே ட்ரோன் பறந்து வீடியோ எடுக்கும். முடிவில் எல்லா டீமுக்கும் கப். தொடக்க விழா ஆவணி மாதம் நல்ல முகூர்த்தத்தில். மாதிரி ஜெர்சி ஒன்றை விரித்துக் காட்டினார். பின்னால் கோமு என்றே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று என்பதை மறைக்கவில்லை.

இரண்டாவதைப் பிரின்ஸ்தான் சொன்னான். மாவட்டங்களுக்கு இடையில் நடக்கிற இளையோர் லீக். ஏழு மாதம், பதினெட்டு மேட்ச். ஒன்று நம் ஊரில் என்றால் அடுத்தது நாகர்கோவில், அதற்கடுத்தது தூத்துக்குடி என்று போய் ஆட வேண்டும். கடைசி இரண்டு இடத்துக்கு வருகிற டீமை அடுத்த வருஷம் கீழே இறக்கிவிடுவார்கள். மாநில டீமுக்குப் பையன்களைப் பொறுக்குகிறவர்கள் இந்த லீக்குக்குத்தான் வந்து உட்காருவார்கள். குறைந்தது பதினாலு பேர் பதிய வேண்டும், அதில் ஒரு கோல் கீப்பர் கட்டாயம். ஆகஸ்ட் பத்து கடைசித் தேதி. கட்டணம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் சண்டை அதில் வரவில்லை.

சண்டையை இசக்கிசெல்வி தொடங்கினாள். ஆனந்த்சங்கரைப் பார்த்து, தோற்றால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் சிரித்து, கவலையே வேண்டாம், தோற்கிற டீமுக்கும் கப் உண்டு என்றார்.

“தோத்தவனுக்கும் கப்பா? அப்ப என் மகன் எதுக்கு ஓடணும்? வீட்டுல இருந்துட்டு வந்து கப்ப வாங்கிட்டுப் போறான்.”

கூட்டம் சிரித்தது. அந்த மனுஷன் நெற்றியில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். எனக்கு எரிச்சல் வந்தது. விருந்தாளியாக வந்தவரிடம் பேசுகிற பேச்சா? நான் எழுந்து, ஆகஸ்ட் பத்து என்றால் ஆடி இருபத்தைந்து, ஆடியில் எந்தப் புதுக் காரியமும் எங்கள் குடும்பத்தில் தொடங்குவதில்லை என்றேன். நான் சொன்னதும்தான் மற்றவர்களுக்கும் ஆடி ஞாபகம் வந்தது. ஆமா ஆமா என்று ஐந்தாறு பேர் தலையாட்டினார்கள். பிரின்ஸ் தரையைப் பார்த்தான். எல்லாரும் யோசித்துச் சொல்லலாம் என்று கலைந்தோம்.

இசக்கிசெல்வி யோசிக்கவில்லை. மாதம் ஒருநாள் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். தறி ஓடாது, அவளுக்கு லீவு. மற்ற பெண்கள் அன்றைக்குத்தான் துணி துவைப்பார்கள், தலைக்குக் குளிப்பார்கள். இவள் மகனையும் கூட்டிக்கொண்டு வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினாள். அந்த இளையோர் லீக்கில் ஏற்கெனவே ஆடுகிற கிளப் ஒன்று அங்கே இருந்தது. மைதானத்து ஓரத்தில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தாளாம். திரும்பி வந்து, அங்கே பயிற்சியில் பதிமூன்று வயதுப் பையன்களைப் பதினாறு வயதுப் பையன்களோடு மோதவிடுகிறார்கள், ஒருத்தன் விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை, தானே எழுந்து ஓடுகிறான் என்று காம்பவுண்டு முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னாள். பிள்ளை விழுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வந்த தாயை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு ஒரு கட்டு ஃபார்மைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். முதல் வாரம் மூன்று கையெழுத்துதான் தேறியது. மற்றவர்கள் எல்லாம் ஆடி, ஆடி என்று கதவைச் சாத்தினார்கள். இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

அதற்குள் கோயிலில் அம்பாளின் தவசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. கொடி ஏறினால் எங்கள் ஊர்ப் பெண்கள் பிராகாரத்தைச் சுற்றத் தொடங்கிவிடுவோம். ஆடிச்சுற்று. நூற்றியெட்டு என்று வேண்டிக்கொண்டவர்கள் நூற்றியெட்டு சுற்ற வேண்டும். இவளுக்கு அது வசதியாகப் போயிற்று. வீட்டுக் கதவைச் சாத்தலாம், சுற்றுகிற நடுவில் எங்கே ஓடுவது? ஒவ்வொரு பையனின் தாயையும் தேடிப்பிடித்துப் பக்கத்தில் சேர்ந்து நடந்தாள். பத்துச் சுற்று, பதினைந்து சுற்று, கையெழுத்துக் கிடைக்கிறவரை. ஃபார்மில் பெயர், பிறந்த தேதி எல்லாம் அவளே எழுதி வைத்திருந்தாள். தூணில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பிடிப்பாள். தவசுக்கு முந்தின நாள் பதிமூன்று ஆகிவிட்டது. மீதி மூன்று பேர். அதில் இரண்டு பேர் என் பேச்சைக் கேட்கிறவர்கள். மூன்றாவது நான். அந்த வயதில் கோல் கீப்பர் கோமு ஒருத்தன்தான்.

அன்று சாயங்காலம் ஃபார்மை நீட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நடந்தாள்.

“யக்கா, கோமு ஃபார்ம் மட்டுந்தான் பாக்கி.”

“ஆடி முடியட்டும்.”

“ஆடி முடியுததுக்குள்ள தேதி முடிஞ்சிரும். ஞாயித்துக்கெழம கடைசி.”

“அப்ப வேண்டாம். ஆடியில நாங்க ஒண்ணும் தொடங்க மாட்டோம்.”

“இப்ப என்ன செய்யுதீய? இந்தச் சுத்த ஆடியிலதான தொடங்கினீய?”

“இது சாமி காரியம்ட்டி.”

“யாருக்காகச் சுத்துதீய?”

நான் நடையைக் கூட்டினேன். கோமு பெரிய ஆட்டக்காரனாக வரவேண்டும் என்றுதான் நூற்றியெட்டு வேண்டியிருந்தேன். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

“கோமுக்காகத்தான சுத்துதீய. நம்ம அம்பாளே ஆடியிலதான் ஒத்தக்கால்ல நின்னு கேட்டத வாங்கினா. ஊரே அதுக்குத்தான் கூடிக் கெடக்கு. உங்களுக்கு மட்டும் ஆடி ஆகாத மாசமோ?”

“அம்பாள் தவசு இருந்தா. ஃபார்ம்லயா கையெழுத்துப் போட்டா?”

பின்னால் வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் நின்றாள்.

“இப்ப எத்தனாவது சுத்து?”

அறுபத்தொன்றா, அறுபத்திரண்டா? சண்டையில் எண்ணிக்கை போய்விட்டது.

“அறுபத்தி மூணு. நான் எண்ணிக்கிட்டுதான் வந்தேன்” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டாள்.

அவள் கணக்கை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. முதலிலிருந்து சுற்றினேன். கால் இரண்டும் வீங்கிப்போயிற்று.

ஆடி பாதிக் காரணம்தான். மீதிப் பாதி குழாய். அவள் கேட்டு நான் கையெழுத்துப் போட்டேன் என்று காம்பவுண்டில் பேச்சு வரக்கூடாது என்று நினைத்தேன். அதைச் சொல்லிவிடுவதே நல்லது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பதிமூன்று ஃபார்மை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று பிரின்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவள் அழவில்லை, என் வீட்டு வாசலில் நின்று கத்தவும் இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு காலை ஐந்து இருபது பஸ்ஸில் வாசுதேவநல்லூருக்குப் போனாள். அந்தக் கிளப்பில் முன்னால் நின்று ஆடுகிற பையன் ஒருவனுக்கு இடம் இருப்பதைப் போன தடவையே கேட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது. கடைசி நாளில் மகாராஜா அங்கே பதிந்துவிட்டான். டீமை விட்டுத் தன் மகனை மட்டும் கரையேற்றிக்கொண்டாள் என்று மற்ற பன்னிரண்டு வீட்டிலும் அவளைத் திட்டினார்கள். என்னை ஒருவரும் திட்டவில்லை. அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மீதிப் பையன்களை ஆனந்த்சங்கரின் லீக்கில் சேர்த்தோம், ஆவணியில் அது தொடங்கியது. மாலை, மேளம், ட்ரோன் எல்லாம் சொன்னபடி வந்தது. எங்கள் பையன்கள் முதல் மேட்சில் ஒன்பது கோல், இரண்டாவதில் ஏழு கோல் போட்டு ஜெயித்தார்கள். எதிர் டீம்களில் பாதிப் பேர் அந்த மாதம்தான் ஷூ வாங்கியிருந்தார்கள். கோமு கோலுக்குள் நின்று கையைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு மேட்சில் பந்து அவன் பக்கம் இரண்டே தடவை வந்தது. நான் கப்போடு அவனைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். ஐந்து ஞாயிறில் எல்லாம் முடிந்தது.

மகாராஜா முதல் மேட்சிலேயே ஆறுக்கு ஒன்று என்று தோற்று வந்தான். முழங்கால் தோல் உரிந்திருந்தது. மறுநாள் குழாயடியில் அவள், “ஆறு வாங்கிட்டு வந்துருக்கான்” என்று யாரும் கேட்காமலே சொன்னாள், ஏதோ ஆறு பவுன் வாங்கி வந்தமாதிரி. அதற்கடுத்த வாரம் மூன்று. அப்புறம் ஒன்றுக்கு ஒன்று என்று சமம். வாரக் கடைசியில் பயிற்சிக்கும் மேட்சுக்கும் விடிகாலைப் பஸ். அதற்காகத் தறியில் ஞாயிறு ஷிப்டை விட்டாள், புதன்கிழமை இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்தாள்.

கார்த்திகையில் ஒருநாள், மேட்ச் இல்லாத காலையில், பையன்கள் எங்கள் மைதானத்தில் சும்மா ஆடினார்கள். மகாராஜாவும் வந்திருந்தான். அரைமணி நேரத்தில் கோமுவைத் தாண்டி ஐந்து கோல் போட்டான்.

கோமு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். தோசையை வைத்தேன். தொடவில்லை.

“யம்மா, முன்னெல்லாம் அவன் எந்தக் கால்ல அடிப்பான்னு எனக்குத் தெரியும். இப்ப தெரியல.”

“ஒருநாள் அப்படித்தான்டா இருக்கும்.”

“ஒருநாள் இல்லம்மா. அவனுக்கு வாரா வாரம் மேட்ச் இருக்கு. எனக்குக் கப்புதான் இருக்கு.”

அலமாரியில் இருந்த கப்பை எடுத்து மேல்பரணில் போட்டுவிட்டான். நான் கேட்டதற்கு இடத்தை அடைக்கிறது என்றான். வாசுதேவநல்லூர் கிளப்பில் சேர வேண்டும் என்று இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னான். நடுவில் ஒருமுறை புதுப் பையன்களைப் பதிவார்களாம். டிசம்பர் இருபது முதல் ஜனவரி பத்து வரை. இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும், பெரிய பையன்கள் பிரிவில் அவனை யார் சேர்ப்பார்கள் என்று கேட்டான். நான் காலண்டரைப் பார்த்தேன். அந்தத் தேதி முழுக்க மார்கழி. ஆடி போலவே மார்கழியிலும் எங்கள் வீட்டில் எதையும் தொடங்குவதில்லை. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தள்ளித் தள்ளி, ஜனவரி பிறந்த பிறகுதான் பிரின்ஸிடம் கேட்டேன். அந்தக் கிளப்பில் தனக்குப் பழக்கம் இல்லை, செல்வியக்கா சொன்னால்தான் நடக்கும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் தண்ணீர் வருகிற முறை. நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை அவள் சண்டையில்லாமல் முதல் குடத்தை வைத்தாள். வைத்தவுடன் புரிந்துகொண்டாள்.

“என்ன வேணும்?”

“அங்கன கோல் கீப்பர் எடம் இருக்கான்னு கேட்டுச் சொல்லு.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா?”

“உங்க வாயால சொல்லுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு, கோமு அங்கே சேரவேண்டும் என்கிறான் என்றேன். அவள் குடம் நிறைகிறவரை குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறைந்ததும் இறக்கி வைத்தாள்.

“அங்கன ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்கான். கோமு மூணாவது. பெஞ்சுலதான் உக்காரணும். முடியுத வரைக்கும் எறக்காமலே விட்டாலும் விடுவாவ. சம்மதமா?”

“சம்மதம்.”

“அழுதுகிட்டு வந்து எங்கிட்ட நிக்கக் கூடாது. பிள்ளையும் சரி, நீங்களும் சரி.”

“நிக்க மாட்டோம்.”

“சனிக்கெழம கடைசி நாளு. மார்கழி. தை பொறக்கட்டும்பீயளோ?”

“பேசாம ஒங்குடத்த எடுட்டி. எனக்குப் பின்னால ஆளு நிக்கி.”

சனிக்கிழமை ஐந்து இருபது பஸ். பனி. கோமுவும் மகாராஜாவும் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு உடனே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். புளியங்குடி தாண்டியதும் அவள் எழுந்து வந்து ஒரு ஃபார்மை என் மடியில் போட்டாள். மடித்து மடித்துக் கோடு விழுந்திருந்தது. ஒரு மூலையில் குங்குமக் கறை. கோமு பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் செல்லப்பா, எல்லாம் அவளுடைய கோணல் எழுத்தில் ஏற்கெனவே இருந்தது. ஆடியில் கோயில் பிராகாரத்தில் என்னிடம் நீட்டிய அதே ஃபார்ம். லீக் ஒன்றேதான் என்பதால் ஃபார்மும் ஒன்றேதான். கிளப் பெயர் எழுதுகிற இடமும் கையெழுத்துப் போடுகிற இடமும் மட்டும் காலி.

“இத இன்னுமா வச்சிருக்க?”

“தூரப் போட மறந்துட்டேன்.”

பேனா கொடுத்தாள். பஸ் குலுங்கியதில் கையெழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. கோணலாக இருக்கிறது, திருப்பி அனுப்பிவிடப் போகிறார்கள் என்றாள். அனுப்பினால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பேனாவை மூடி வைக்கக்கூட விடாமல் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

திருப்பி அனுப்பவில்லை. அன்றைய பயிற்சியில் கோமு பதினொரு கோல் விட்டான். மூன்று தடவை விழுந்தான். யாரும் தூக்கிவிடவில்லை, தானே எழுந்தான். நான் மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தேன். திரும்பி வரும்போது நான் கொண்டுபோயிருந்த புளிசாதம் முழுவதையும் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். மேட்சில் அவனை இன்னும் இறக்கவில்லை, பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். மகாராஜாவை மாவட்டத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எடுப்பார்களா என்று தெரியாது. அவளைக் கேட்டால் சொல்வாள், நான் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை தண்ணீர் வந்தது. அவள் வழக்கம்போல முதல் குடத்தை வைத்தாள். நான் அதை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு என் குடத்தை வைத்தேன். அவள் போட்ட சத்தம் ஆறு வீட்டுக்கும் கேட்டது.